சைபர் எடுத்த லாரி

துறைமுகத்துக் காற்றைச் சுத்தம் செய்வது என்று மேலிடம் முடிவெடுத்தபோது லாரிக்காரர்களைத் தவிர எல்லாரிடமும் கருத்துக் கேட்டார்கள். கப்பல் கம்பெனிகளிடம் கேட்டார்கள். கிரேன் கம்பெனியிடம் கேட்டார்கள். துறைமுக வாசலில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரிடம்கூடக் கேட்டார்கள். கடைசியில், குற்றவாளி லாரிதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த நேரத்திலும் அவர்கள் அங்கேதான் நிற்பார்கள் என்பதால் அவர்களைத் தேடிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

உத்தரவு என்னவோ எளிமையாகத்தான் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி முதல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத எந்த லாரியும் துறைமுகத்துக்குள் நுழையக் கூடாது. புகைப் பரிசோதனையில் தேறினால் ஸ்டிக்கர். தேறாவிட்டால் லாரியை வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம்.

இதைப் படித்ததும் நிதானம் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். நிதானம் என்பது அவருக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டி இழுக்கிறார். ஒருநாளும் வேகம் நாற்பதைத் தாண்டியதில்லை. எந்தச் சுவரில் எந்த அறிவிப்பு எழுதியிருந்தாலும் வண்டியை நிறுத்தி, கடைசி வரி வரை படித்து, அதன்படி நடந்துவிட்டுத்தான் நகர்வார். அவர் லாரியோ அவருக்கு நேர் எதிர். கிளம்பும்போது அது விடுகிற புகையில் பின்னால் வருகிறவர்கள் பட்டப்பகலில் ஹெட்லைட் போடுவார்கள். அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது. காலையில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் சாயங்காலம் வீட்டு வாசலில்தான் அதற்கு ஓய்வு. துறைமுகத்துப் பெட்டியை இழுப்பதைத் தவிர அந்த லாரிக்கும் வேறு வேலை தெரியாது, அவருக்கும் தெரியாது. ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டில் உட்கார வேண்டும்.

"லாரி என் பேர்ல இருக்கு" என்று ஞாபகப்படுத்தினாள் அவர் மனைவி. ஏதாவது முக்கியமாகச் சொல்லப் போகும்போதெல்லாம் அவள் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். "ஓனர் சொல்றேன், கேளுங்க. துறைமுகத்துக்காரங்க டிரைவருங்களுக்குன்னே உதவி மையம் ஒண்ணு தொறந்திருக்காங்களாம். போய் உதவி கேளுங்க."

"கேட்டா செய்வாங்களாம்மா?"

"உதவி மையம்னு போர்டு மாட்டிட்டு வேற என்ன செய்வாங்க?"

பாவம், அவளுக்கு உலகம் தெரியாது.

துறைமுக வாசலுக்கு எதிரில், நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் மையம் இருந்தது. அதன் முழுப்பெயர் கட்டடத்தின் முன்பக்கத்தில் ஆரம்பித்துப் பக்கவாட்டுச் சுவரில் முடிந்தது: 'தூய காற்று விதிகளைச் சமாளிக்க ஓட்டுநர்களுக்குக் கைகொடுக்கும் ஒருங்கிணைந்த உதவி மையம்'. நிதானம் முன்பக்கத்தில் ஆரம்பித்து, நடந்து போய், பக்கவாட்டில் முடித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் காவலர் கைகொடுத்தார். நிதானம் மகிழ்ந்து போனார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எழுந்து நின்று கைகொடுத்தாள், கொடுத்துவிட்டு, தடிமனான ஒரு பதிவேட்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, "இங்க கையெழுத்துப் போடுங்க. கைகொடுத்ததுக்கு" என்றாள். முதல் கவுண்டரில் கைகொடுத்தார்கள். இரண்டாவது கவுண்டரில் கைகொடுத்தார்கள். மூன்றாவது கவுண்டர்காரருக்கு வலது கையில் கட்டுப் போட்டிருந்தது, வேலைப்பளு என்றார். இடது கையைக் கொடுத்து, பதிவேட்டில் 'இடது' என்று தனியாகக் குறிப்பு எழுதினார். மதியம் ஆவதற்குள் நிதானத்துக்குப் பதினான்கு உதவிகள் செய்யப்பட்டதாகக் கணினியில் ஏறியிருந்தது.

"மேடம், எனக்குப் புகைப் பரிசோதனைக்கு ஒரு டோக்கன் வேணும்" என்றார் நான்காவது கவுண்டரில்.

"அதுக்கு முதல்ல நீங்க சமாளிப்பு வகுப்புல உட்கார்ந்திருக்கணும்."

"அதுல உட்கார்றேன் மேடம்."

"உட்காரணும்னா நீங்க பரிசோதனைல தோத்திருக்கணும். தோக்காம எதைச் சமாளிப்பீங்க?"

"பரிசோதனையே நடக்காம எப்படி மேடம் தோக்கிறது?"

"அதுக்குத்தான் சொல்றேன், முதல்ல வகுப்புல உட்காருங்க."

நிதானம் இதை மூன்று முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கைகொடுப்பு. கடைசியில் மனைவிக்கு போன் போட்டார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "போனை அந்தம்மாகிட்ட குடுங்க" என்றாள். என்ன பேசினாளோ, நான்காவது கவுண்டர் அம்மாள் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் வெளுத்திருந்தது. மேஜையின் அடி அறையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தாள். 'முன்கூட்டிய தோல்விச் சான்றிதழ்' என்று அதில் அச்சடித்திருந்தது.

"இது எல்லாருக்கும் குடுக்கிறதில்ல. நீங்க தோக்கப் போறீங்கன்னு உங்க வீட்டம்மா உறுதியா சொல்றாங்க. அந்த நம்பிக்கைலதான் குடுக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை சமாளிப்பு வகுப்பு. குளிரூட்டிய அரங்கில் நூறு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிதானத்துக்குப் பக்கத்தில் ஹாரன். ஹாரன் அவருடைய நெடுநாள் சிநேகிதன். அவன் லாரியில் ஹாரன் இல்லை, அவன் தொண்டையே போதும் என்று யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேடையில் மையத்தின் இயக்குநர் ஏறினார். முன்வரிசையில் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அன்பான ஓட்டுநர்களே! புகையைக் குறைக்க நாங்கள் வழி சொல்லப் போகிறோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் வேண்டும். இந்த நாலு மாடியில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். புகையைக் குறைக்க முடியவில்லையே என்ற உங்கள் மனவருத்தத்தைக் குறைப்பதுதான் எங்கள் பணி!"

கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் எல்லாம் மைய ஊழியர்கள்.

ஹாரன் எழுந்தான். "சார், சைலன்சருக்கு ஃபில்டர் ஏதாச்சும் குடுப்பீங்களா?" அவனுக்கு மைக் தேவைப்படவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இயக்குநர் புன்னகை செய்தார். "தம்பி, ஃபில்டர் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடையிலேயே கொடுக்கிறார்கள். நாங்கள் அதைவிட உயர்ந்த ஒன்றைக் கொடுக்கிறோம். ஆதரவு."

"அதை எங்க சார் மாட்டுறது?"

இயக்குநர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை மெதுவாக இழுத்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய உங்கள் லாரியை மனக்கண்ணில் பாருங்கள் என்றார். நிதானம் சொன்னபடியே கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஸ்டிக்கர் தெரியவில்லை, வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. பக்கத்தில் ஹாரன் குறட்டை விட ஆரம்பித்தான். வகுப்பு முடிந்ததும் மிக ஆழமாகச் சமாளித்தவர் என்று அவனுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள்.

வகுப்பில் கிடைத்த டோக்கனோடு புதன்கிழமை காலை நிதானம் லாரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு மையத்தின் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். டிரெய்லரைக் கழற்றி வீட்டுப் பக்கம் விட்டுவிட்டார். வழியெல்லாம் லாரி தன் வழக்கப்படி கரும்புகையைக் கக்கிக்கொண்டே வந்தது. 'இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்துடா' என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். அது இன்னொரு கக்குக் கக்கியது.

கூடத்தின் வாசலில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'கட்டடத்துக்குள் எஞ்சினை இயக்கக் கூடாது. ஊழியர்கள் சுவாசிக்கிறார்கள்.'

வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்க்காமல் உள்ளே போயிருப்பார்கள். முன்னால் போன முப்பது லாரிகளும் அப்படித்தான் போயின, அப்படியே தோற்றுத் திரும்பின. நிதானம் படித்தார். கடைசி வரி வரை படித்தார். படித்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

அணைத்த பிறகுதான் செல்ஃப் ஞாபகம் வந்தது.

"அண்ணே, என்னண்ணே பண்ணிட்டீங்க!" என்று பின்னாலிருந்து ஹாரன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். வேறு வழியில்லை. ஹாரனும் இன்னும் ஐந்து டிரைவர்களும் சேர்ந்து 'ஏலேலோ' போட்டு லாரியைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பரிசோதகர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தார். கண்ணாடி முழுக்க விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை ஒட்டியிருந்ததால் வெளியே இருப்பது அவருக்கும், உள்ளே இருப்பது மற்றவர்களுக்கும் தெரியாது. பேச்சு எல்லாம் ஒலிபெருக்கியில்தான்.

"வண்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

"குழாயை சைலன்சர்ல சொருகுங்க."

"சொருகிட்டேன் சார்."

ஏதோ ஒரு மிஷின் 'கீ' என்றது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. "என்ன வண்டி இது?"

"லாரி சார்."

"சைபர் காட்டுது."

பள்ளிக்கூடத்திலேயே நிதானத்துக்குச் சைபர் நன்றாகப் பழக்கம். தலையைக் குனிந்துகொண்டார். "ஃபெயிலா சார்?"

"யோவ், புகை சைபர்யா! பதினோரு வருஷ சர்வீஸ்ல நான் சைபர் பார்த்ததே இல்ல!"

"சார், எஞ்சின் ஆஃப்ல இருக்கு."

"அதையெல்லாம் படிவத்துல கேக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வண்டி கலர் என்ன?"

"நீலம் சார். முன்னாடி நீலமா இருந்துச்சு."

சுவரில் இருந்த ஒரு துவாரத்தின் வழியாகப் பச்சை ஸ்டிக்கர் வெளியே வந்து விழுந்தது. நிதானம் அதை இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பிழைத்தாயிற்று!

அரைமணி நேரத்தில் இயக்குநரே ஓடிவந்தார். பின்னால் போட்டோகிராபர், அவருக்குப் பின்னால் பதிவேட்டோடு வரவேற்புப் பெண். நிதானத்துக்கு மாலை போட்டார்கள். லாரிக்கும் போட்டார்கள். 'மாதிரி ஓட்டுநர்' என்று ஒரு பட்டையைத் தோளில் மாட்டினார்கள். சைலன்சர் பக்கத்தில் நின்று இயக்குநர் மூச்சை ஆழமாக இழுப்பது போல ஒரு படம் எடுத்தார்கள்.

"எப்படிச் சாதித்தீர்கள்?" என்றார் இயக்குநர்.

நிதானத்துக்கு மனசு கேட்கவில்லை. "சார், உண்மையச் சொல்லிடறேன். எஞ்சினை அணைச்சுட்டேன். அவ்வளவுதான்."

இயக்குநர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அணைத்துவிட்டீர்கள்."

"ஆமா சார். மன்னிச்சுக்கங்க."

"இவ்வளவு எளிமையாகவா!" இயக்குநர் குரல் தழுதழுத்தது. "வெளிநாட்டுக்கு நாலு குழு அனுப்பினோமே ஐயா. ஒருத்தர் இதைச் சொல்லவில்லையே!"

வீட்டில் மாலையைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "சைபர் எடுத்ததுக்கு மாலையா? நம்ம பொண்ணு கணக்குல சைபர் எடுத்தப்போ என்னையில்ல கூப்பிட்டு வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க?"

"எனக்கே ஒண்ணும் புரியலம்மா. ஸ்டிக்கர் குடுத்துட்டாங்க. அது போதும்."

"உண்மையச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்கு இன்னொரு மாலை போட்டாங்க."

மறுநாள் விடிவதற்குள் மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாற்பது பக்கம். முப்பத்தெட்டு பக்கம் வேறு எதற்கோ ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் புதிதாகச் சேர்த்த பத்தி இப்படிச் சொன்னது: 'எஞ்சின் ஓடுவதற்கும் புகை வருவதற்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்பது முதன்முறையாகத் தெரியவருகிறது. இது குறித்து மேலும் ஆய்வு தேவை. ஆய்வு முடியும் வரை எல்லா லாரிகளும் மாதிரி ஓட்டுநரின் முறைப்படியே பரிசோதிக்கப்படும்.'

வியாழக்கிழமை முழுக்க டிரைவர்கள் ஒருவர் லாரியை ஒருவர் தள்ளினார்கள். உள்ளே தள்ளுவார்கள், சைபர் வரும், ஸ்டிக்கர் விழும், பின்வாசல் வழியாக வெளியே தள்ளுவார்கள். வெளியே போன லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆனதில் கட்டடத்தின் பின்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊழியர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு லாரி, நானூற்றுப் பன்னிரண்டு சைபர். இயக்குநர் மொட்டை மாடியிலிருந்து ஒரு வெள்ளைப் புறாவைப் பறக்க விட்டார். அது புகைக்குள் போய், இருமிக்கொண்டே, ஜன்னல் வழியாக உள்ளே திரும்பி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. துறைமுக வாசலில் முதல் லாரி நிதானத்துடையது. மாதிரி ஓட்டுநர் என்பதால் அந்த மரியாதை. புதிதாகத் துவைத்த சட்டையோடு, டிரெய்லரில் ஒரு நாற்பதடிப் பெட்டியோடு வந்து நின்றார். வாசல் காவலர் ஸ்டிக்கரைப் பார்த்து சலாம் வைத்தார். பிறகு ஸ்டிக்கரின் கீழே பூதக்கண்ணாடியை வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"'பரிசோதனையின்போது இருந்த அதே நிலையில் மட்டுமே துறைமுகத்துக்குள் இயக்கப்பட வேண்டும்.' எஞ்சினை அணைங்க."

"அணைச்சுட்டு எப்படிங்க உள்ள போறது?"

"பரிசோதனைக்கு எப்படிப் போனீங்களோ, அப்படி."

நிதானம் ஸ்டிக்கரை எட்டிப் பார்த்துத் தானும் ஒருமுறை படித்தார். எழுதித்தான் இருந்தது. எழுதியிருந்தால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. அணைத்தார்.

அன்று துறைமுகத்தில் நடந்ததை விவரமாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெட்டி ஏற்றிய ஒரு லாரியை நகர்த்த இருபத்தாறு டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். அதுவும் நூறடி போனதும் பிரேக்கில் காற்று இறங்கி டயர் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடினால்தானே அதற்குக் காற்று ஏறும்? ஹாரன் ஓடிப் போய் இரண்டு சைக்கிள் பம்பு வாங்கிவந்தான். ஆளுக்கு நூறு அடி அடித்து, பிரேக் விட்டதும், மறுபடி தள்ளினார்கள். மனைவிக்குச் செய்தி எட்டி அவளும் வந்துவிட்டாள். "லாரி என் பேர்ல இருக்கு" என்று காவலரிடம் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகி, பின்பக்கம் தோள் கொடுத்தாள். இருட்டுவதற்குள் மொத்தத் துறைமுகமும் சேர்ந்து மூன்று பெட்டிகளைக் கப்பல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவது பெட்டி வேறு கப்பலுக்குப் போக வேண்டியது என்று அங்கே போன பிறகு தெரிந்தது.

பெட்டிக்காகக் காத்திருந்த கப்பல்கள் கடலில் வரிசையாக நின்று, எஞ்சினை ஓடவிட்டு, ஆளுக்கொரு புகைக்கம்பத்தை வானத்தில் நட்டுவைத்திருந்தன. மேற்பார்வைக்கு வந்திருந்த இயக்குநரிடம் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே அதைக் காட்டினாள். "சார், அந்தப் புகை?"

இயக்குநர் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார். "அது கடல் அம்மா. கடல் எங்கள் எல்லைக்குள் வராது."

"காத்து உங்க எல்லைக்குள்ள வருமில்ல?"

"தாராளமாக வரும். நாங்கள் தடுப்பதில்லை."

சனி, ஞாயிறும் அப்படியே தள்ளினார்கள். நிதானத்துக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆனாலும் வண்டி உள்ளே போகிறது, வேலை கையை விட்டுப் போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இன்னும் நாலு நாளில் அதிகாரிகளுக்கே புத்தி வந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

திங்கட்கிழமை காலை எல்லா டிரைவர்களையும் வாசலில் கூடச் சொன்னார்கள். இயக்குநர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"அன்பான ஓட்டுநர்களே! கனத்த இதயத்தோடு பேசுகிறேன். வாசலில் நாங்கள் வைத்திருக்கும் காற்றுமானி, வெள்ளிக்கிழமை முதல் ஏறிக்கொண்டே போகிறது. கரியமில வாயு! லாரிகள் காரணம் அல்ல, அவை சைபர். கடல் காரணம் அல்ல. அது எங்கள் எல்லை அல்ல. அப்படியானால் லாரியின் அருகில் இருக்கிற வேறு ஏதோ ஒன்று இந்த வாயுவை வெளியே விடுகிறது. அது எது என்று நிபுணர்கள் மூன்று நாள் ஆராய்ந்தார்கள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அது நீங்கள்தான்."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானூறு பேர், வாயைத் திறந்துகொண்டு, கட்டுப்பாடே இல்லாமல் மூச்சு விடுகிறீர்கள். நான் கண்ணால் பார்த்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு உதவத்தான் போகிறோம். இன்று முதல், மூச்சுப் பரிசோதனையில் தேறிய ஓட்டுநர்கள் மட்டுமே உள்ளே செல்லலாம்."

மாதிரி ஓட்டுநர் என்பதால் இதற்கும் முதல் ஆள் நிதானம்தான். பரிசோதனைக் கூடத்து மிஷினும் ஒலிபெருக்கியும் வாசலுக்கு வந்திருந்தன. அதே குழாய். துடைத்துக்கூட வைக்கவில்லை. வாயில் சொருகிக்கொண்டு ஊதினார். மிஷின் 'கீ' என்று ஆரம்பித்து 'கூ' என்று முடிந்தது.

"லாரி தேறிடுச்சு. நீங்க தேறல" என்றது ஒலிபெருக்கி.

"சார், இன்னொரு தடவை மெதுவா ஊதட்டுமா?"

"மெதுவா, வேகமாங்கிறது பிரச்சினை இல்ல. விடறீங்க பாருங்க, அதான் பிரச்சினை. அறிக்கைல பத்தொன்பதாம் பக்கம் பாருங்க. லாரிக்கு என்ன பண்ணீங்களோ அதையே நீங்களும் பண்ணிட்டு வாங்க."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றாள். "ஏன் சார், மூச்சு விடாம ஒரு மனுஷன் எப்படி வேலை பார்ப்பான்?"

"இதே கேள்வியைத்தான் அம்மா எல்லாரும் கேட்கிறார்கள். அதற்காகவே ஐந்தாவது மாடி கட்டுகிறோம்" என்று சொல்லி, இயக்குநர் அவளுக்குக் கைகொடுத்தார். வரவேற்புப் பெண் பதிவேட்டைத் திறந்தாள்.

ஒவ்வொருவராக ஊதினார்கள், ஒவ்வொருவராகத் தோற்றார்கள். ஹாரன் முறை வந்தபோது அவன் சட்டையை உதறிவிட்டுக்கொண்டு, "நான் எடுக்கிறேன் பாருண்ணே சைபர்" என்றான். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குழாயைக் கவ்வினான். ஒரு நிமிஷம் ஆயிற்று. முகம் சிவந்தது. ஒன்றரை நிமிஷத்தில் நீலமாயிற்று. யாரோ, "விடுடா, விட்டுடுடா" என்று கத்தினார்கள். அவன் விடவில்லை. கண் மேலே செருகி, மரம் போல அப்படியே சாய்ந்தான். குழாய் மட்டும் வாயில் இருந்தது.

"சைபர்!" என்றது ஒலிபெருக்கி.

இயக்குநர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்தார். கீழே கிடந்தவன் கையை எடுத்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். நிதானத்தின் தோளிலிருந்த பட்டையைக் கழற்றி ஹாரனுக்கு மாட்டினார்கள். நாலு ஊழியர்கள் அவனைத் தூக்கி நிதானத்தின் லாரியில் டிரைவர் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அப்போதுதான் அவனுக்கு லேசாக உணர்வு திரும்பி, ஒரு பெருமூச்சு வந்தது. ஊழியர் ஒருவர் அவசரமாக அவன் வாயைப் பொத்தினார்.

"இதோ நமது எதிர்கால ஓட்டுநர்!" என்றார் இயக்குநர். "புகை இல்லை. மூச்சு இல்லை. மிக முக்கியமாக, இதுவரை ஒரு புகார்கூட இல்லை!"

துறைமுகக் கதவு திறந்தது. ஊழியர்கள் லாரியை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடியது.

நிதானம் கம்பிக்கு வெளியே நின்றார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய வண்டி உள்ளே அங்குலம் அங்குலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் வெயிலில் பளபளத்தது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதையெல்லாம் செய்தார், எழுதியிருந்ததையெல்லாம் படித்தார். அப்படியும் வெளியேதான் நிற்கிறோமே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள்.

வாசல் காவலர் பக்கத்தில் வந்தார். நல்ல மனிதர், அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க நின்னு மூச்சு விடக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் போய் விடுங்க."